குப்பை ஓர் ஊருக்கு, கட்டணம் எந்த ஊருக்கு?

ராயகிரியில் பேருந்து ஏறி, சங்கரன்கோவிலில் மாறி, திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் நகருக்குள் நுழையும் முன் ராமையன்பட்டியைக் கடக்கிறார்கள். அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர். ஆனாலும் அந்தப் பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது திருநெல்வேலி மாநகராட்சியின் குப்பைக் கிடங்குதான். கோடையில் அங்கே தீப்பிடிப்பதும், தீயணைப்பு வண்டிகள் மணிக்கணக்கில் தண்ணீர் பீய்ச்சுவதும், புகை சுற்றுவட்டாரத் தெருக்களில் இறங்குவதும் நாளிதழ் வாசகர்களுக்குப் பழகிப்போன செய்தி. ஒவ்வொரு முறையும் சில கேள்விகள் தவறாமல் எழும். தீயை யார் வைத்தது? பழைய குப்பையை எப்போது அள்ளி முடிப்பார்கள்? அதற்கு எத்தனை கோடி? ஒரு கேள்வி மட்டும் எழுவதே இல்லை. நகரத்தின் குப்பையைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் ஊருக்கு அதற்காக என்ன வருமானம் வருகிறது, அது எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது?

விதிப் புத்தகத்தைத் திறந்தால் இந்தக் கேள்வி ஏன் எழுவதில்லை என்பது புரிந்துவிடும்.

2016 ஏப்ரலில் வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகள் இரண்டு வகைப் பணத்தைப் பற்றிப் பேசின. ஒன்று, வீடுகளும் கடைகளும் உள்ளாட்சிக்குச் செலுத்தும் பயன்பாட்டுக் கட்டணம். மற்றது, குப்பையைப் பதப்படுத்தும் ஆலைக்காரருக்கோ, மிச்சத்தைப் புதைக்கும் தளத்தை நடத்துபவருக்கோ டன் கணக்கில் தரப்படும் ‘டிப்பிங் கட்டணம்’. முதலாவது குடிமக்களிடமிருந்து உள்ளாட்சிக்கு வருகிறது. இரண்டாவது உள்ளாட்சியிலிருந்து ஒப்பந்ததாரருக்குப் போகிறது. தளம் எந்த மண்ணில் இருக்கிறதோ அந்த ஊராட்சிக்கு இதில் ஒரு பங்கு உண்டு என்று அந்த விதிகளில் எங்கும் இல்லை. 50 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள நகரங்களும் பேரூர்களும் சேர்ந்து ஒரு வட்டார நிலநிரப்புத் தளத்தைச் செலவுப் பகிர்வு அடிப்படையில் அமைக்க மாநில அரசு வழிசெய்ய வேண்டும் என்று சொன்ன அதே விதிகள், வருவாய்ப் பகிர்வைப் பற்றி வாய் திறக்கவில்லை. அனுப்புகிறவர்கள் செலவைத் தங்களுக்குள் எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதுதான் சட்டத்தின் கவலையாக இருந்தது.

இது ஏதோ பெருநகரங்களின் பிரச்சினை, ராயகிரிக்கு என்ன வந்தது என்று கேட்கலாம்.

ராயகிரி சிறிய பேரூராட்சி. சங்கரன்கோவில் வட்டத்திலிருந்து பிரிந்த சிவகிரி வட்டத்தில் இருக்கிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது திருநெல்வேலியை விட்டு விலகிவந்தது. மாவட்டத்தில் 6 நகராட்சிகள், 17 பேரூராட்சிகள். 2022 உள்ளாட்சித் தேர்தலின்போது தமிழ்நாடு முழுவதும் 490 பேரூராட்சிகள் இருந்தன. இவற்றில் பெரும்பாலானவற்றின் குப்பைக் கதை ஒன்றுதான். காலையில் பேட்டரி வண்டி தெருவுக்குள் வரும். தூய்மைப் பணியாளர் மட்கும் குப்பையையும் மட்காத குப்பையையும் தனித்தனியாகக் கேட்பார். சில வீடுகளில் கிடைக்கும், பல வீடுகளில் ஒரே வாளிதான். எல்லாம் ‘வளம் மீட்புப் பூங்கா’வுக்குப் போகும். பெயரில்தான் பூங்கா, தகரக் கூரை, உரத்தொட்டிகள், தரம் பிரிக்கும் மேடை, சாக்கு மூட்டைகள். காய்கறிக் கழிவும் வாழையிலையும் தொட்டிக்குள் விழுந்து சில வாரங்களில் உரமாகும். அட்டைப்பெட்டி, பாட்டில், இரும்பு ஆகியவற்றைப் பழைய பொருள் வியாபாரி எடுத்துக்கொள்வார். பல ஊர்களில் அந்தக் காசு தூய்மைப் பணியாளர்களுக்கே கிடைக்கிறது. நியாயமான ஏற்பாடு.

மிச்சம் இருப்பதுதான் வில்லங்கம். ஷாம்பூ உறை, பாக்குப் பொட்டலம், அறுந்த செருப்பு, கிழிந்த தலையணை, தெர்மோகோல், குழந்தைகளின் டயப்பர். எரியக்கூடியதை மூட்டை கட்டி சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாக அனுப்பலாம். லாரி வாடகையை யார் தருவது என்ற வழக்கு தீரும்வரை மூட்டைகள் காத்திருக்கும். எரியவும் எரியாத, மட்கவும் மட்காத மீதியை எங்காவது புதைத்தாக வேண்டும்.

எங்கே? 5 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிகள் பொது நிலநிரப்புத் தளத்தை மூன்று ஆண்டுகளுக்குள், அதாவது 2019-க்குள், அமைத்திருக்க வேண்டும் என்பது 2016 விதிகளின் கால அட்டவணை. இடத்துக்கான நிபந்தனைகளும் உண்டு. ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்து 200 மீட்டர், நெடுஞ்சாலை, குடியிருப்பு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், குளத்துப் பாசனத்தை நம்பியிருக்கும் சிவகிரி, ராயகிரி, வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் இந்த அளவுகோலை வைத்து ஓர் இடம் தேடிப் பார்த்தால் தெரியும். குளத்தை விட்டு விலகினால் கிணறு வரும், கிணற்றை விட்டு விலகினால் ஊர் வரும். எல்லாவற்றையும் தாண்டி ஓர் இடம் அகப்பட்டால் அது பெரும்பாலும் ஏதோ ஒரு கிராம ஊராட்சியின் புறம்போக்காகத்தான் இருக்கும். குப்பை பேரூராட்சிகளுடையது, நிலம் ஊராட்சியுடையது. ராமையன்பட்டியின் கேள்வி அங்கே சின்ன அளவில் திரும்ப வரும்.

வியப்பு என்னவென்றால், இடம் கொடுக்கும் ஊருக்குப் பங்கு கொடுப்பது நம் நாட்டுக்குப் புதிய யோசனையே அல்ல. மண்ணைத் தோண்டி எடுத்தால் பங்கு உண்டு. கொட்டி நிரப்பினால்தான் இல்லை. சுரங்கச் சட்டத்தில் 2015-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, கனிமம் எடுக்கப்படும் மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைந்தது. குத்தகைதாரர் அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகைக்கு மேல், பழைய குத்தகையென்றால் அதில் 30 விழுக்காடும், ஏலத்தில் எடுத்த புதிய குத்தகையென்றால் 10 விழுக்காடும் அந்த அறக்கட்டளைக்குத் தர வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்படும் பகுதிக்கும் மக்களுக்கும்தான் அதைச் செலவிட வேண்டும். கல்குவாரிக் கட்டணத்திலும் உள்ளாட்சிக்குப் பங்கு உண்டு. பாதிப்புக்கு ஈடாக வருமானம் என்ற கொள்கையை நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டுவிட்டது. அதைக் குப்பைக்கு நீட்ட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

தென்காசி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த முரண் இன்னும் நன்றாகப் புரியும். புளியரை வழியாகக் கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் கேரளத்துக்குப் போகின்றன. ஒவ்வொரு லாரிக்கும் நடைச்சீட்டு வேண்டும். எத்தனை யூனிட், எந்தக் குவாரி, எந்த ஊருக்கு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். சீட்டில் ஏமாற்று நடக்கிறது என்பது வேறு விஷயம். சீட்டு என்று ஒன்று இருப்பதால்தான் ஏமாற்றைப் பிடிக்கவாவது முடிகிறது. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவுகள் திருநெல்வேலியை அடுத்த கொடகநல்லூர், பழவூர்ப் பகுதிகளில் கொட்டப்பட்டதே, அதற்கு எந்தச் சீட்டும் இல்லை. குப்பைக்குள் கிடந்த நோயாளிகளின் காகிதங்களே அது எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். அது சட்டவிரோதக் குப்பை. சட்டப்படி கொட்டப்படும் குப்பைக்காவது சீட்டு இருக்கிறதா என்று பார்த்தால், அங்கும் நிலைமை பெருமைப்படும்படி இல்லை.

காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. 2016 விதிகளின்படி தளத்தை நடத்துபவர் ஏப்ரல் 30-க்குள் படிவம் மூன்றை உள்ளாட்சியிடம் தர வேண்டியிருந்தது. உள்ளாட்சி ஜூன் 30-க்குள் படிவம் நான்கை நிரப்பி மேலே அனுப்ப வேண்டியிருந்தது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஜூலை 31-க்குள் எல்லாவற்றையும் தொகுத்து மத்திய வாரியத்துக்கு அனுப்ப, அது ஆகஸ்ட் 31-க்குள் அமைச்சகத்திடம் போய்ச் சேர வேண்டியிருந்தது. படிவம் டன் கணக்கில் கேட்கும். சிறிய ஊரில் எடை மேடை ஏது? ஒரு டிராக்டர் லோடு இவ்வளவு என்று ஒரு மதிப்பு. இத்தனை லோடு என்று ஒரு மதிப்பு. இரண்டையும் பெருக்கினால் டன் வந்துவிடும். லோடையும் எண்ணாதவர்கள் மக்கள்தொகையை எடுத்து, தலைக்கு இத்தனை கிராம் என்று பெருக்கிவிடுவார்கள். ஆண்டு முழுக்க ஒரே எண் வந்தால் யாரும் கேட்பதில்லை. மழைக்காலத்தில் நனைந்த குப்பை கனக்கும், திருவிழா மாதத்தில் அளவு கூடும் என்பதெல்லாம் படிவத்துக்குத் தெரியாது.

எடை இல்லாத இடத்தில் கட்டணம் நிற்காது. டன்னுக்கு இவ்வளவு என்று எழுதிவைத்துவிட்டு டன்னைக் கண்மதிப்பில் போட்டால், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே இருப்பவருக்குத்தான் லாபம்.

சரி, பணக் கணக்காவது தெளிவாக இருக்கிறதா? 15-ஆவது நிதிக்குழு நல்ல காரியம் ஒன்று செய்தது. 2021 முதல் 2026 வரையிலான மானியத்தைப் பெற வேண்டுமானால், முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கையும் அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை செய்த கணக்கையும் உள்ளாட்சிகள் இணையத்தில் பொதுவில் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென்று ஒரு தேசிய இணையதளம், ஊராட்சிகளுக்கென்று இன்னொன்று. ராயகிரியில் இருப்பவர் கைபேசியிலேயே ஊர்க் கணக்கைத் தேடிப் பார்க்க வழி பிறந்தது. ஆனால் உள்ளே போனால் வேறு சிக்கல். தேசிய நகராட்சிக் கணக்கியல் கையேட்டின் தலைப்புகளில்தான் அங்கே எண்கள் வருகின்றன. 110 வரி வருவாய். 120 ஒப்படைக்கப்பட்ட வருவாய். 140 கட்டணங்களும் பயன்பாட்டுக் கட்டணங்களும். 150 விற்பனையும் வாடகையும். குப்பைக்காக வீடுகள் செலுத்திய பணம், கட்டட அனுமதிக் கட்டணத்தோடும் உரிமக் கட்டணத்தோடும் சேர்ந்து 140-க்குள் உட்கார்ந்திருக்கும். உரம் விற்ற காசு 150-க்குள். செலவு சம்பளம், எரிபொருள், பராமரிப்பு என்று சிதறிக் கிடக்கும். மொத்தத்தில் குப்பையால் ஊருக்கு வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று ஒரே வரியில் பார்க்க முடியாது. இத்தனைக்கும் தமிழ்நாட்டு மாநகராட்சிகளும் நகராட்சிகளும் குடிநீர்–வடிகால் நிதியைத் தனியாகவும் தொடக்கக் கல்வி நிதியைத் தனியாகவும் வைத்துக் கணக்கெழுதிப் பழகியவை. செலவுப் பட்டியலில் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் குப்பைக்கு அப்படி ஒரு தனி நிதி வைக்கும் வழக்கம் மட்டும் வரவில்லை.

பங்கு கொடுக்காமல், கணக்கும் காட்டாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம் விளப்பில்சாலை இருக்கிறது. திருவனந்தபுரம் மாநகராட்சி தன் குப்பையைப் பதப்படுத்த 2000-ல் விளப்பில் கிராமப் பஞ்சாயத்துக்குள் ஆலை அமைத்தது. தண்ணீர் கெட்டது, காற்று கெட்டது, ஊர் கொதித்தது. 2011 டிசம்பரில் பஞ்சாயத்தே ஆலைக்குப் பூட்டுப் போட்டது. நீதிமன்ற உத்தரவோடும் காவல் துறையோடும் 2012-ல் திறக்க வந்தபோது ஊரே சாலையில் நின்றது. ஆலை திறக்கவில்லை, தலைநகரத்தின் குப்பை பல ஆண்டுகள் தெருவில் தவித்தது. பக்கத்து மாநிலத் தலைநகரம் ஒன்றை ஒரு கிராமப் பஞ்சாயத்து மண்டியிட வைத்த அந்தக் கதையை, தமிழ்நாட்டில் நிலநிரப்புத் தளத்துக்கு இடம் தேடும் ஒவ்வொரு அதிகாரியும் படித்திருக்க வேண்டும்.

புனே மாநகராட்சியின் கிடங்கு இருந்த உருளி தேவாச்சி, புர்சுங்கி கிராமங்களில் நடந்தது வேறு மாதிரி. ஊர்க்காரர்கள் லாரிகளை மறித்தார்கள், மாநகராட்சி குடிநீர் லாரி அனுப்பியது, வேலை தருவதாகச் சொன்னது, மறியல் ஓய்ந்தது, பிறகு மீண்டும் மறியல். ஏதோ கிடைக்கத்தான் செய்தது. ஆனால் போராடினால் கிடைக்கும், போராடாவிட்டால் நின்றுவிடும் என்ற வகையில் கிடைத்ததால் அது ஒருநாளும் உரிமையாகவில்லை. எந்த ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்திலும் அதை நம்பி ஒரு சாலை போட முடியாது.

கொழும்பில் விலை உயிர்களாகப் போனது. மாநகர சபையின் குப்பை, கொலன்னாவையில் உள்ள மீதொட்டமுல்லையில் மலையாக எழுந்தது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில் அது சரிந்து வீடுகள்மேல் விழுந்தது. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். குப்பையை உண்டாக்கிய நகரமும் மலையின் அடியில் வாழ்ந்த மக்களும் வேறு வேறு உள்ளாட்சி எல்லைகளில் இருந்தார்கள்.

தமிழ்நாட்டில் விலை கோடிகளில் வருகிறது. பெருங்குடி, சென்னை மாநகராட்சியோடு 2011-ல் இணையும் வரை தனிப் பேரூராட்சி. சென்னையின் குப்பை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அங்கே, பள்ளிக்கரணைச் சதுப்பில், விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து அகற்ற இப்போது 350 கோடி ரூபாய்க்கு மேல் திட்டம். கொடுங்கையூருக்குச் சுமார் 640 கோடி. கொட்டிய காலத்தில் டன்னுக்குச் சில ரூபாய் ஒதுக்கியிருந்தால் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போடுவது இன்று வீண் வேலை. ஆனால் கொட்டும் கட்டணம் என்பது கொட்டும் இடத்தின் எதிர்காலச் செலவுக்கும் சேர்த்துத்தான் என்பதை அந்த எண்கள் சொல்கின்றன.

வேறு வழியில் போனவர்களும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 1988-ல் ஒரு சட்டம் போட்டது. நிலநிரப்புத் தளம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் நிர்வாகத்துக்கு, கொட்டப்படும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு டாலர். தளம் நடத்துபவர் காலாண்டுக்கு ஒருமுறை பணத்தோடு எடைக் கணக்கையும் சேர்த்துத் தர வேண்டும். பணம் ஒரு பக்கம், அறிக்கை ஒரு பக்கம் என்று பிரிக்காமல் இரண்டையும் ஒரே உறையில் போட்டது அந்தச் சட்டத்தின் சாமர்த்தியம். தளத்தைச் சோதிக்கத் தன் ஆய்வாளரை அமர்த்தும் உரிமையும் ஊருக்கு உண்டு.

தென்கொரியாவின் இஞ்சியோன் நகரம் இன்னும் உறுதியாகப் பேரம் பேசியது. சியோல், இஞ்சியோன், கியோங்கி ஆகிய மூன்று பகுதிகளின் குப்பையும் 1992 முதல் இஞ்சியோன் எல்லையில் உள்ள ஒரே தளத்தில் விழுகிறது. 2016-ல் அதை மூடுவதாக ஏற்பாடு. தலைநகருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. 2015 ஜூனில் மூன்று நிர்வாகங்களும் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகமும் கூடி ஒப்பந்தம் போட்டன. தளத்தின் பயன்பாட்டை நீட்டிக்க இஞ்சியோன் சம்மதித்தது; பதிலுக்கு, உள்ளே வரும் குப்பைக்கான கட்டணத்தின் மேல் 50 விழுக்காடு கூடுதலாக வசூலித்து இஞ்சியோனுக்குத் தர வேண்டும். அந்தப் பணத்துக்குத் தளத்தைச் சுற்றியுள்ள பகுதியின் சுற்றுச்சூழல் மேம்பாட்டுக்கான தனிக் கணக்கு. பணம் வந்த பிறகும் தளத்தை மூட வேண்டும் என்ற கோரிக்கையை இஞ்சியோன் விடவில்லை. 2026 ஜனவரி முதல் வீட்டுக் குப்பையை அப்படியே கொண்டுவந்து புதைப்பது அந்தப் பகுதியில் தடைசெய்யப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். காசு கொடுத்து ஏழை ஊரின் மூக்கைப் பொத்துவதுதானே இது? பணக்கார நகரம் தன் அழுக்கைத் தள்ளிவிட ஒரு விலை குறித்துக்கொள்கிறது; பணமுடையில் தவிக்கும் ஊராட்சி கையெழுத்துப் போடுகிறது; பங்கு ஊராட்சி அலுவலகத்துக்கு, புகை காலனித் தெருவுக்கு. ஆட்சேபம் முழுக்க உண்மை. பென்சில்வேனியாவிலேயே டல்லிடவுன் என்ற சிற்றூர், தளத்தின் வருமானத்திலிருந்து குடியிருப்போருக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டாலருக்குக் காசோலை கொடுத்தது. 2017-ல் தளம் மூடப்பட்டபோது ஊர் நிர்வாகம் வருமானத்துக்குத் திண்டாடியது. குப்பையை நம்பிப் பிழைக்கும் ஊர், குப்பை குறைவதை விரும்பாது.

ஆனால் இதற்கு மாற்று என்ன? காசு கொடுக்காமலே மூக்கைப் பொத்துவதுதான் இன்று நடக்கிறது. தளம் எப்படியும் ஏதோ ஓர் ஊரில் வரத்தான் போகிறது. அந்த ஊருக்குப் பங்கு இல்லாவிட்டால் தளத்தின் மேல் கேள்வி கேட்கும் அதிகாரமும் இருக்காது. பங்கு வாங்கும் ஊர் எடைச்சீட்டைக் கேட்கலாம், குப்பையிலிருந்து கசியும் ஊறல்நீரின் பரிசோதனை முடிவைக் கேட்கலாம், கட்டணம் வராவிட்டால் வண்டியை நிறுத்தலாம். கட்டணத்தின் உண்மையான பலன் பணத்தைவிட இந்தப் பிடிதான்.

இப்போது இதைப் பேச அவசரம் ஒன்று வந்திருக்கிறது. 2016 விதிகளுக்குப் பதிலாகப் புதிய திடக்கழிவு மேலாண்மை விதிகளை ஒன்றிய அரசு 2026 ஜனவரியில் அறிவித்தது. அவை நடைமுறைக்கு வரும் நாளாக அறிவிப்பில் குறிக்கப்பட்டது 2026 ஏப்ரல் 1. வீட்டிலேயே குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்லும் அந்த விதிகளில் நிலநிரப்புக் கட்டணமும் இடம்பெறுகிறது. தரம் பிரிக்காத குப்பையை நிலநிரப்புத் தளத்துக்கு அனுப்பும் உள்ளாட்சி கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும்; தரம் பிரித்து, ஏற்றிச் சென்று, பதப்படுத்த ஆகும் செலவைவிடப் புதைக்கும் கட்டணம் அதிகமாக இருக்க வேண்டும். புதைப்பதைவிடப் பிரிப்பது மலிவு என்று ஆக்கிவிட்டால் உள்ளாட்சிகள் தாமாகவே பிரிக்கும் என்பது கணக்கு. நல்ல கணக்குதான். அறிக்கைகளும் படிவக் கட்டுகளை விட்டு ஒரே இணையதளத்துக்குப் போகின்றன.

அந்தக் கட்டணம் போய்ச் சேரும் இடத்தை மாநில அரசு இப்போதே எழுதிவைக்க வேண்டும். தளம் நடத்தும் நிறுவனத்துக்கே முழுதும் போய்விட்டால் அது பழைய டிப்பிங் கட்டணத்தின் புதுப்பெயர். மாநில அளவில் ஒரே தொகுப்பில் சேர்த்துவிட்டுப் பிறகு எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கலாம் என்று யாராவது யோசிப்பார்கள். அதற்கும் முன்மாதிரி இருக்கிறது. பத்திரப்பதிவின்போது வசூலாகும் மிகைவரியில் ஊரக உள்ளாட்சிகளுக்கு உரியது அப்படித்தான் திரட்டிப் பகிரப்படுகிறது. ஏழை ஊராட்சிக்கும் ஏதாவது கிடைக்கும் என்பது அதன் நன்மை. குப்பைக்கு அந்த வழி உதவாது. சுமார் 12,500 ஊராட்சிகளுக்கும் பிரித்துக்கொடுத்தால், குப்பையைச் சுமக்கும் ஊருக்கும் சுமக்காத ஊருக்கும் வித்தியாசமே இருக்காது.

எவ்வளவு வரும் என்பதையும் கொஞ்சம் தரையில் நின்று பார்க்க வேண்டும். ஒரு மாநகராட்சித் தளத்தில் நாளைக்கு 100 டன் விழுகிறது, ஊராட்சியின் பங்கு டன்னுக்கு 100 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 36.5 லட்சம் ரூபாய். ஒரு கிராம ஊராட்சிக்கு அது கணிசமான தொகை. அதே வீதத்தைச் சில பேரூராட்சிகள் சேர்ந்து நடத்தும் சிறிய தளத்தில் போட்டுப் பாருங்கள். தரம் பிரித்த பிறகு நாளைக்கு 2 டன் மிச்சம் வந்தால் 200 ரூபாய், ஆண்டுக்கு 73,000. ஒரு மோட்டார் பழுதுபார்ப்பதற்கே சரியாகப் போய்விடும். பேரூராட்சிகள் எவ்வளவு நன்றாகத் தரம் பிரிக்கின்றனவோ அவ்வளவு இடம் கொடுத்த ஊரின் வருமானம் குறையும். அதன் நிலமும் நிலத்தடி நீர் பற்றிய பயமும் குறையாது. எனவே டன் கணக்கு மட்டும் போதாது. இடத்துக்கென்று ஆண்டுதோறும் ஒரு நிலையான தொகை, அதற்கு மேல் எடைக்கு ஏற்ற தொகை என்று இரண்டு அடுக்காக இருந்தால்தான் சிறிய வட்டாரங்களில் இது எடுபடும். குப்பை குறைந்தாலும் ஊருக்கு இழப்பில்லை. டல்லிடவுன் கதையும் நேராது.

பேரூராட்சிகள் இதற்குப் பணம் எங்கே என்று கேட்கும். நியாயம்தான், சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் மாநில நிதிக்குழு மானியத்தை எதிர்பார்த்திருக்கும் அமைப்புகள் அவை. ஆனால் விதிகளை மீறும் உள்ளாட்சிக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020-ல் விதித்த இழப்பீட்டு வீதத்தையும் அவை நினைவில் வைக்க வேண்டும். 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை இருந்தால் மாதம் 10 லட்சம் ரூபாய், 5 முதல் 10 லட்சம் வரை இருந்தால் 5 லட்சம், மற்ற எல்லா உள்ளாட்சிகளுக்கும் மாதம் ஒரு லட்சம். சிறிய பேரூராட்சிக்குக்கூட ஆண்டுக்கு 12 லட்சம். அபராதமாகக் கட்டுவதில் ஒரு பகுதியைப் பக்கத்து ஊராட்சிக்குக் கட்டணமாகக் கட்டினால் குப்பைக்கு இடமாவது கிடைக்கும்.

கணக்கு காட்டுவதில் புதுமை எதுவும் தேவையில்லை. தளத்தின் வாசலில் ஓர் எடை மேடை. ஒவ்வொரு வண்டிக்கும் நடைச்சீட்டு, மூன்று பிரதிகள்: ஒன்று அனுப்பும் பேரூராட்சிக்கு, ஒன்று தளம் நடத்துபவருக்கு, ஒன்று இடம் கொடுத்த ஊராட்சிக்கு. காலாண்டு முடிவில் மூவரும் தனித்தனியாகத் தங்கள் எண்ணை வெளியிட வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் எங்கே கசிகிறது என்று தணிக்கைக்காரர் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார். கணக்குத் தலைப்பில் 140-க்குள் புதைக்காமல் நிலநிரப்புக் கட்டணத்துக்குத் தனித் துணைத்தலைப்பு ஒன்று வேண்டும். ஊராட்சி அந்தப் பணத்தைக் குடிநீருக்கும் மருத்துவ முகாமுக்கும் தளத்தை ஒட்டிய தெருக்களுக்கும்தான் செலவிடலாம் என்று கட்டுப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் அது ஊர் முகப்பில் அலங்கார வளைவாக எழுந்து நிற்கும். அப்படி எழுந்த வளைவுகள் நாட்டில் நிறைய உண்டு.

வெளியிடுவது என்றால் இணையத்தில் ஆங்கிலத்தில் ஏற்றிவிட்டு ஓய்ந்துபோவது அல்ல. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. குடியரசு நாளில், மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளில், மே நாளில், சுதந்திர நாளில், காந்தி பிறந்தநாளில், நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாளில். இத்தனை டன் வந்தது, இத்தனை ரூபாய் வந்தது, இதற்குச் செலவழித்தோம் என்று நான்கு வரியை அங்கே தமிழில் வாசிக்கலாம். அனுப்பும் பேரூராட்சியும் அதையே தன் மன்றக் கூட்டத்தில் தீர்மானமாகப் பதிவுசெய்து அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். ராயகிரியில் குப்பைக் கட்டணம் கட்டுகிற குடும்பம் தன் பணத்தில் எவ்வளவு பக்கத்து ஊருக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டால், குப்பையைப் பிரிக்கச் சொல்லும் தூய்மைப் பணியாளரின் பேச்சுக்கும் கொஞ்சம் மரியாதை கூடும்.

நகர்ப்புற உள்ளாட்சிகளின் இப்போதைய உறுப்பினர்கள் 2022 மார்ச்சில் பதவியேற்றவர்கள். அவர்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. வாக்குக் கேட்டு வீட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம் சாலை, விளக்கு, குடிநீரோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்: நம் ஊர்க் குப்பையின் கடைசி மிச்சம் எந்த ஊரில் புதைகிறது, அந்த ஊருக்கு நாம் எவ்வளவு கொடுக்கிறோம், அந்தக் கணக்கு எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது?